ரோலரிலிருந்து ஐஸுக்கு: ஒன்பது வயது மகளை இப்போதே அனுப்ப வேண்டுமா?

சத்துவாச்சாரி அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. மூன்று ஆண்டுகளாக வேலூரில் நான்கு சக்கர ஸ்கேட்டில் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் பயிற்சி எடுத்து வருகிறாள். எங்கள் பக்கத்தில் ஸ்கேட்டிங் வகுப்பு என்றாலே ஸ்பீடுதான். குனிந்த முதுகோடு வட்டமாக ஓடும் இருபது பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருப்பவள் இவள் ஒருத்திதான். காலை ஐந்தரை மணிக்கு இறங்கி, சிமென்ட் தரை காய்வதற்குள் ஏழரைக்கு முடித்துவிடுவோம். நம் ஊரின் சித்திரை வெயிலில் ஏழு மணிக்கே சக்கரம் தரையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுகிறது.

கடந்த டிசம்பரில் உறவினர் திருமணத்துக்காகத் தில்லி சென்றபோது, குருகிராமில் ஒரு மாலுக்குள் இருக்கும் ஐஸ் ரிங்கில் அவளை ஒரு மணி நேரம் இறக்கினோம். முதல் கால் மணி நேரம் ஓரச் சுவரை விடாமல் பிடித்திருந்தவள், நேரம் முடியும்போது பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஐஸ் பேச்சுதான்.

அவளுடைய பயிற்சியாளர், பத்து வயதுக்குள் ஐஸுக்குப் போகாவிட்டால் பிறகு பயனில்லை என்றும், அதற்குள் காற்றில் இரண்டு முறை சுழன்று இறங்கும் இரட்டைச் சுற்று ஜம்ப் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி, நாள்தோறும் நாற்பது ஐம்பது முறை குதிக்க வைக்கிறார். ஒரு மாதமாக வலது குதிகாலில் வலி என்கிறாள். என் மனைவியின் தங்கை குருகிராமில் இருக்கிறாள். பிள்ளையைத் தன்னிடம் விட்டால் பள்ளியில் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அனுப்பலாமா? மூன்று ஆண்டு ரோலர் பயிற்சி வீண்தானா? தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குடியாத்தம் அக்கா:

அண்ணா, நான் பள்ளி நாட்களில் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கில் மாநில அளவுவரை ஆடியவள். இப்போது மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஜம்ப் எண்ணிக்கையை இன்றே நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் வந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் காலில் விழுகிறது, அதிலும் நம்முடையது சிமென்ட் தரை. இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்முனை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால், ஒரு மாத வலியைத் தைலம் தடவி ஆற்றப் பார்க்கக் கூடாது. வைத்தியத்துக்காக நாடே வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் எலும்பு மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீண் என்ற பேச்சுக்கு ஒருவர் பெயரைச் சொன்னால் போதும். 1998-ல் நாகானோ ஒலிம்பிக்கில் 15 வயதில் தங்கம் வென்ற தாரா லிபின்ஸ்கி, மூன்று வயதில் சக்கரத்தில்தான் தொடங்கினார். ஆறு வயதில் ஐஸுக்குச் சென்ற பிறகும் ரோலரை விடாமல், அமெரிக்காவில் தன் வயதுப் பிரிவில் தேசியப் பட்டமும் பெற்றார். அதே தாராவுக்கு 18 வயதில் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது என்பதையும் உங்கள் பயிற்சியாளருக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

பத்து வயதுக் கெடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆட, அந்தப் பருவத்தின் ஜூலை 1-க்கு முன் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். சீனியர் பிரிவில் 15 ஆக இருந்த குறைந்தபட்ச வயதை, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யச் சிறுமி கமிலா வலியேவா ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கி, உலகமே பார்க்க ஐஸில் தடுமாறி விழுந்த சில மாதங்களில், படிப்படியாக 17 ஆக உயர்த்துவதென்று முடிவு செய்தார்கள். விளையாட்டை நடத்துபவர்களே பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லும்போது, நாம் ஏன் முந்திக்கொண்டு ஓட வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசு அல்ல ரோலர். ஐதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் பிரிவிலும், அவானி பஞ்சாலுடன் இணைப் பிரிவிலும் வெண்கலம் வென்றது சக்கரத்தின் மேல் நின்றுதான்.

ஆம்பூர் லாஸ்ட்காரர்:

ஐயா, எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. முப்பது ஆண்டுகளாக ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை செய்கிறேன் (ஷூ செய்யப் பயன்படும் கால் அச்சைத்தான் லாஸ்ட் என்போம்). என் பேத்தி ஸ்பீடு வகுப்புக்குப் போவதால் இந்தக் குழுவில் இருக்கிறேன். குதிகால் வலி என்று படித்ததும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது: பிள்ளையின் ஸ்கேட்டிங் ஷூவை, அதாவது பூட்டை, எத்தனை சைஸ் பெரிதாக வாங்கினீர்கள்? பள்ளிக்கூட ஷூவை இரண்டு வருடம் வரட்டும் என்று பெரிதாக வாங்குவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அங்கே அது சிக்கனம். குதிக்கிற பிள்ளையின் பூட்டில் அது ஆபத்து.

வீட்டிலேயே சோதிக்கலாம். மாலையில், கால் சற்று விரிந்திருக்கும் நேரத்தில், பிள்ளையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரண்டு காலிலும் எடை சமமாக விழும்படி நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். உட்கார வைத்து வரைந்தால் அளவு குறைந்துவிடும். பிறகு பூட்டின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை உருவி அந்தப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வளரும் பிள்ளைக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழையும் இடம் போதும். ஒரு விரல் முழுதாக நுழைந்தால் குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடும். ஆடினால் பிள்ளை லேஸை இழுத்து இழுத்துக் கட்டும், பூட்டின் பின்சுவர் ஒவ்வொரு இறக்கத்திலும் எலும்பில் இடிக்கும்.

பூட்டின் கணுக்கால் மடிப்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் அங்கே ஆழமாகச் சுருங்கித் துணிபோல மடங்கினால் உள்ளே இருக்கும் விறைப்பு செத்துவிட்டது என்று பொருள். அதற்காகப் பெரியவர்கள் போடும் விறைப்பான பூட்டையும் வாங்கிவிடாதீர்கள்; எடை குறைந்த பிள்ளையால் அதை மடக்க முடியாது, கணுக்கால் மடங்காவிட்டால் முழங்கால் மடங்காது, இறங்கும் அதிர்ச்சி எல்லாம் நேராக மேலே ஏறும்.

வாலாஜா பெண், இப்போது டொராண்டோவில்:

குடியாத்தம் சகோதரி சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொண்டாலும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். என் மகன் இங்கே ஏழு ஆண்டுகளாக ஐஸில் ஆடுகிறான், அவனுடன் பயின்ற இரண்டு பிள்ளைகள் ரோலரிலிருந்து வந்தவர்கள். உடல் சமநிலை, இசைக்குக் காது கொடுப்பது, விழுந்தால் அழாமல் எழுவது ஆகியவற்றை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். ஆனால் ஐஸ் பிளேடின் அடிப்பக்கம் நடுவில் பள்ளமாகக் குடையப்பட்டு, உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர்மையான ஓரங்கள் கொண்டது. நான்கு சக்கரத்தில் சாய்ந்தாலும் தாங்குவதற்குச் சக்கரம் இருக்கிறது. இங்கே சாய்வதற்கும் விழுவதற்கும் இடையில் ஒரு நூல்தான். அந்த நூலைக் கால் கற்றுக்கொள்ள நாள்தோறும் ஐஸ் வேண்டும். ஆறு வகை ஜம்பும் கடைசியில் பின்னோக்கிய வெளிவிளிம்பில்தான் வந்து இறங்குகின்றன என்பதால், அந்த ஒரு விளிம்பைச் சரியாகப் பிடிக்கவே என் மகனுக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. ரோலரில் எத்தனை சுற்று வந்தாலும் இந்த வேலை மிச்சம் இருக்கும்.

ஆகவே ஐஸ்தான் வேண்டுமென்றால், எங்கே நாள்தோறும் ஐஸ் கிடைக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். குருகிராமின் மால் ரிங்க் போட்டிக்கான 60-க்கு 30 மீட்டர் அளவு உடையதல்ல. சிம்லாவில் 1920 முதல் இருக்கும் திறந்தவெளி ரிங்க் குளிர்காலத்தில் மட்டும். முழு அளவு ரிங்க் டேராடூனில் 2011-ல் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-ல்தான் மீண்டும் திறந்தது. இந்தியாவின் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற தாரா பிரசாத் அமெரிக்காவில் பிறந்து அங்கேயே பயின்றவர் என்பது தற்செயல் அல்ல. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாய் தகப்பனை விட்டுப் பிரித்து அனுப்பினால், அவளுக்குக் கிடைக்கப்போவது விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே சில மணி நேரம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுப்ப மாட்டேன். வெளிப்படையாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

விடுமுறையில் சித்தி வீட்டுக்கு அழைத்துச் சென்று, ஜம்ப் எதுவும் இல்லாமல், முன்னும் பின்னும் விளிம்பில் வளைந்து செல்வதை மட்டும் ஆட விடுங்கள். நான்கு சக்கரத்துக்குப் பதில், வரிசைச் சக்கரமும் முன்னால் ஸ்டாப்பரும் உள்ள ஆர்ட்டிஸ்டிக் இன்லைன் ஸ்கேட் பிளேடுக்குச் சற்று நெருக்கமாக இருக்கும். பூட் வாங்கும் காசை முதலில் ஆம்பூர்ப் பெரியவர் சொன்னபடி செலவிடுங்கள்.

சத்துவாச்சாரி அப்பா:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை தாளில் கால் வரைந்தோம். இன்சோலை மேலே வைத்ததும் என் மனைவி என்னைப் பார்த்தாள்: பின்னால் என் கட்டை விரல் நுழைந்து இன்னும் இடம் இருந்தது. வாங்கும்போது கடைக்காரர் பெரிதென்று சொன்னார். அடுத்த வருடமும் வரும் என்று எடுத்தது நான்தான். மருத்துவரிடம் காட்டினோம், ஆறு வாரம் குதிக்கக் கூடாது என்றார். பயிற்சியாளர் கோபித்துக்கொண்டார், அவரிடம் பிறகு பேசுவேன். குருகிராமுக்குக் கோடை விடுமுறையில் பத்து நாள் மட்டும் போகிறோம், நாங்களும் உடன் இருப்போம். ஆம்பூர் ஐயா, அடுத்த பூட் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்து வந்தால் காலைப் பார்த்துச் சொல்வீர்களா?

ஆம்பூர் லாஸ்ட்காரர்:

தாராளமாக வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் அளந்தால் கால் பொய் சொல்லும். பழைய பூட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.