புதுப்பிப்பு: பரணில் கிடைத்த ஓலைச்சுவடிகள்

கடலூரில் தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த சுவடிக் கட்டுகளை என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சிலர் வெயிலில் காயவைக்கச் சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள், ஓலை முறுகி உடைந்துவிடும்.

புதுச்சேரியில் சுவடிகளோடு பழகிய ஒருவரைப் பார்த்தேன். கட்டை அவிழ்க்கும் முன்பே படமெடுத்து, ஏடுகளின் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் மென்தூரிகையால் தூசி நீக்கி, பருத்தித் துணியில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தோம். ஓலைக்கு நெகிழ்வு வருகிறது, பூச்சியும் எளிதில் அண்டாது. எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத்தான் இது சரி. மேலே மையால் எழுதியிருந்தால் அழிந்துபோகலாம். ஒட்டிக்கொண்ட ஏடுகளில் கைவைக்கவில்லை, அது தேர்ந்தவர்கள் வேலை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையத்தின் சைவச் சுவடிகள் 2005இல், உலகின் அரிய ஆவணங்களைப் பட்டியலிடும் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தவை. 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஊர் ஊராகத் தேடித் திரட்டியிராவிட்டால் எத்தனை கட்டுகள் கரையானுக்குப் போயிருக்கும்!

எங்களுடையது மருத்துவச் சுவடி போலத் தெரிகிறது. முழுக்கப் படமெடுத்துவிட்டு, மூலத்தை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் விருப்பம். சித்தப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார். இந்தக் கடற்காற்றின் ஈரத்தில் அது தாங்காது என்று அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.