உதவி: கோர்க் பாலி-800 இன் ஒலிகள் பழைய கேசட்டில் உள்ளன, ஏற்ற முடியவில்லை

சட்ஸ்வொர்த் கீபோர்டு:
வணக்கம். என் மாமா எண்பதுகளில் டர்பன் பக்கம் கல்யாண வீடுகளில் வாசித்த பாலி-800 சிந்தசைசர் இப்போது என்னிடம் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் ஒலிகளைக் காப்பது உள்ளே இருக்கும் ஆறு சி அளவு பேட்டரிகள்தான். அவை தீர்ந்திருந்த நேரம் பார்த்து லோட் ஷெட்டிங்கில் கரண்ட் போய்விட்டது, திரும்பி வந்தபோது 64 ஒலிகளும் இல்லை, எந்த எண்ணை அழுத்தினாலும் கன்னாபின்னாவென்று சத்தம். நல்லவேளையாக மாமா எல்லாவற்றையும் ஒரு கேசட்டில் சேமித்து வைத்திருக்கிறார். அதில் நாதஸ்வரம் மாதிரி அவரே உருவாக்கிய ஒலி ஒன்று உண்டு, எப்படியாவது அது எனக்கு வேண்டும். வீட்டில் இருக்கும் கேசட் டெக்கிலிருந்து வயர் கொடுத்து ஏற்றிப் பார்த்தால் கொஞ்ச தூரம் போய்ப் பிழை காட்டுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். பின்பக்கம் இருக்கும், நினைவகத்தில் எழுத அனுமதிக்கும் சுவிட்சைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். மிடி (இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் வயர்) வழியாக ஏதாவது செய்ய முடியுமா?

பீனிக்ஸ் ரிப்பேர்:
மிடி உதவாது தம்பி. 1983இல் வந்த முதல் பாலி-800 இல் மிடி உண்டு, ஆனால் ஒலிகளின் விவரத்தை அதன் வழியாக அனுப்பவோ வாங்கவோ முடியாது. கேசட் ஒன்றுதான் வழி.

முதலில் அந்த டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதை நிறுத்துங்கள், இருப்பது ஒரே பிரதி. நல்ல டெக் ஒன்றில் ஒரு தடவை ஓட்டிக் கணினியில் பதிவு செய்துகொண்டு, அப்புறம் அந்தக் கோப்பை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம். டேப்பில் இருப்பது பாட்டு இல்லை, பூஜ்யத்துக்கு ஒரு சுருதி, ஒன்றுக்கு வேறொரு சுருதி என்று மாறி மாறி வரும் சத்தம். அலை எந்த இடத்தில் நடுக்கோட்டைக் கடக்கிறது என்பதை வைத்துத்தான் சிந்தசைசர் படிக்கிறது, எம்பி3 சுருக்கும்போது அந்த இடங்கள் நகரலாம். டால்பி, இரைச்சல் நீக்கம், ஈக்வலைசர் எதையும் போடாதீர்கள்.

பிழை வேறு வேறு இடத்தில் வருகிறது என்றால் டேப்பைவிட டெக் மேல்தான் எனக்குச் சந்தேகம். பழைய டெக்கில் பெல்ட் தளர்ந்து வேகம் ஆடும். தொடக்கத்தில் ஒரே சீராக வரும் சத்தம் நடுங்குகிறதா என்று காதால் கேட்டுப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா:
டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் பாருங்கள். மாமா பதிவு செய்த டெக்கின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் உங்கள் டெக்கில் மேல் சுருதிகள் மங்கிப்போகும். ஹெட் பக்கத்தில் இரண்டு திருகுகள் இருக்கும், ஸ்பிரிங் உள்ளதை மட்டும், சத்தம் கூர்மையாகக் கேட்கும்வரை மெதுவாகத் திருப்புங்கள். வேறு கேசட்டைப் போட்டுப் பழகிவிட்டு அப்புறம் இதைத் தொடுங்கள்!

இன்னொன்று, ஸ்டீரியோவாகப் பதிவானதில் இடது, வலது இரண்டையும் கலக்காமல் ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த ஹெட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் வராது, கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். அப்படியும் ஏறவில்லையா, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அலையைத் தலைகீழாக்கி முயலுங்கள்.

சட்ஸ்வொர்த் கீபோர்டு:
நண்பர் ஒருவரின் டெக்கில் பதிவு செய்தேன், சீராக இருக்கிறது. இடது பக்கத்தை மட்டும் எடுத்தேன். போனிலிருந்து கொடுத்தால் ஏறத் தொடங்கவே இல்லை, லேப்டாப்பிலிருந்து ஒலியைக் கூட்டிக் கொடுத்ததும் ஓடுகிறது. ஆனால் இப்போது எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

பீனிக்ஸ் ரிப்பேர்:
ஒரே இடம் என்றால் அங்கே டேப்பே பழுது. கோப்பில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அலை சட்டென்று சிறுத்திருக்கும். சிறிய பள்ளம் என்றால் அந்தத் துண்டின் ஒலியை மட்டும் கூட்டிச் சரிசெய்யலாம். அதற்கு முன்னால் கேசட்டைக் கடைசிவரை, இரண்டு பக்கமும் ஓட விடுங்கள். அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரே சேமிப்பை அடுத்தடுத்து இரண்டு தடவை பதிவு செய்வார்கள்.

சட்ஸ்வொர்த் கீபோர்டு:
இருக்கிறது அண்ணா! கொஞ்சம் வெற்று டேப்புக்கு அப்புறம் அதே சத்தம் மறுபடியும் வருகிறது. அது முழுதாக ஏறிவிட்டது. நாதஸ்வரம் 47இல் இருக்கிறது, மாமாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். பேட்டரியை இப்போது மாற்றலாமா?

பீனிக்ஸ் ரிப்பேர்:
ரொம்பச் சந்தோஷம் தம்பி. அடாப்டர் செருகி, சிந்தசைசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள், அணைத்துவிட்டுக் கழற்றினால் எல்லாம் மறுபடி போய்விடும். அதற்கும் முன்னால் சேவ் அழுத்திக் கணினியில் புதிதாக ஒரு பதிவு எடுத்து, அதையே திரும்ப ஓட்டி வெரிஃபை செய்து, பதிவு சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா:
47இன் அளவுகளை எண் எண்ணாகத் தாளிலும் எழுதி வையுங்கள். எழுதியதை இங்கேயும் போடுங்களேன், காவடிக்கு நானும் வாசிக்கிறேன்.