அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் என் மகளைத் தனித்துக் காட்டுவது எது?

ஆத்தங்குடித் தந்தை:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கிறாள். நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வு எனக்குப் புரிகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கட்-ஆஃப் போட்டால் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். அவளோ உதவித்தொகையோடு அமெரிக்காவில் படிக்க விரும்புகிறாள். அங்கே முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கே இடம் மறுக்கப்படுகிறதாம். நாங்கள் அணுகிய ஆலோசகர் ஒருவர், தொண்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கவும், பணம் கட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிடவும் சொல்கிறார். பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பட்டறை நடத்தும் எனக்கு அது கட்டுப்படியாகாது. மாலையில் பட்டறைக்கு வந்து கணக்கெழுதுவதையும், கற்களில் ஏன் உப்புப் பூக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பதையும் தவிர, படிப்புக்கு வெளியே அவள் எதுவும் செய்ததில்லை. உண்மையில் எது எடுபடும்?

கானாடுகாத்தான்காரன்:
ஐயா, நான் படித்த அமெரிக்கக் கல்லூரிக்காக, விண்ணப்பிக்கும் மாணவர்களை நேர்காணல் செய்து வருகிறேன். மதிப்பெண்ணும், கேட்கும் கல்லூரிகளுக்கு எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வும் நன்றாக இருந்தே தீர வேண்டும். ஆனால் அந்தப் படியைத் தாண்டியவர்களே இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அதற்குப் பிறகு வேறொன்றைத் தேடுகிறார்கள். நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த நோட்டில்தான் அது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகளுக்கு உட்பட்ட இடமே உண்டு. அவசரமாகத் தொடங்கிய தொண்டு அமைப்பை அந்த இடத்தில் எழுதினால், அதே போன்ற நூறு விண்ணப்பங்களோடு அதுவும் கலந்துவிடும். மாறாக, வார்ப்பதற்கு அடியில் வைத்த கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்தபோது பளபளத்த கல் சில நாளில் வெளுத்துப்போனதைப் பார்த்து, ஆழ்துளைக் கிணற்று நீரில் ஊறியவற்றையும் ஊருணி நீரில் ஊறியவற்றையும் தனித்தனியாக அடுக்கி, தேதி போட்டு ஒப்பிட்டிருந்தாள் என்றால், அதைச் செய்யச் சொல்லி யாரும் அவளைத் தூண்டவில்லை என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும். அந்த ஒப்பீடு முடிவில்லாமல் நின்றிருந்தாலும் குறையில்லை. எங்கே குழம்பினாள், அடுத்து எதை மாற்றிப் பார்த்தாள் என்பதை 650 சொற்களுக்குள் அமையும் கட்டுரையில் அவள் நடையிலேயே எழுதட்டும். கணக்கெழுதுவதையும் விடாதீர்கள், குடும்பத் தொழிலில் உழைப்பதும் அங்கே ஒரு செயல்பாடாகவே மதிக்கப்படுகிறது. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற ஆய்வு நிறுவனம் உள்ளூரிலேயே இருக்கிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் அந்த நோட்டோடு போய் ஒரு விஞ்ஞானியிடம் கேள்வி கேட்டு வருவது, காசு கொடுத்து வாங்கும் கட்டுரையைவிட எவ்வளவோ மேல்.

தேவகோட்டை ஆசிரியை:
மேலே சொன்னதை ஏற்கிறேன். பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நம் பள்ளிகளில் பெரும்பாலும் அதில்தான் கோட்டை விடுகிறோம். "ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி" என்று எல்லோருக்கும் ஒரே கடிதத்தை எழுதிக் கொடுப்பதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. ஆய்வகத்தில் விடை சரியாக வந்த பிறகும் அளவீட்டை அவள் மறுபடி எடுத்துப் பார்த்த ஒரு நாளை எழுதுங்கள் என்று வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசகர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரே பள்ளியைப் பற்றிய குறிப்பை அனுப்பலாம். எந்தெந்தப் பாடங்கள் உண்டு, எந்த வசதிகள் இல்லை என்பதை அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிடைத்த வாய்ப்பை வைத்து அவள் என்ன செய்தாள் என்றுதான் அங்கே எடை போடுகிறார்கள்.

வெளிநாட்டில் படிக்கும் மாணவி:
ஐயா, கல்லூரிப் பட்டியலைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள், உதவித்தொகை கேட்பதை வெளிநாட்டு மாணவருக்கும் குறையாகக் கொள்வதில்லை. மற்றப் பல கல்லூரிகளில் அதுவே சேர்க்கை முடிவைப் பாதிக்கும். பட்டறையின் வரவு செலவையும் கேட்பார்கள், இப்போதே எடுத்து வையுங்கள்.

ஆத்தங்குடித் தந்தை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அவளை நன்கு அறிந்தவர் தமிழாசிரியர். அவர் தமிழில் எழுதலாமா?

தேவகோட்டை ஆசிரியை:
தாராளமாக எழுதலாம். எம்ஐடி அறிவியல் அல்லது கணித ஆசிரியர் ஒருவரிடமும் மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியர் ஒருவரிடமும் கடிதம் கேட்கிறது, அந்த மொழி ஆசிரியராகத் தமிழாசிரியரே எழுதலாம். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் செய்து, மூலத்தோடு சேர்த்துப் பள்ளியே அனுப்பட்டும். வீட்டிலுள்ளவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.