கையெழுத்து மேசையில் கண்டவை: இளையோர் எழுத்தாளர் விழாக்களுக்குப் போனவர்கள் பகிருங்கள்

மைப்புள்ளி:
ஒய்.ஏ. (இளையோர் இலக்கிய) விழாவில் கையெழுத்து வரிசை எப்படி நகரும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஊர் விழா என்பது வேண்டாம், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். 3 மணிக்குத் தொடங்கும் கையெழுத்து ஸ்லாட், வரிசையில் 80 பேர். மேசைக்கு முன்னால் 14 வயது இருக்கும், ஒரு தமிழ்ப் பெண். எழுத்தாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பெயர் கேட்டார். சொன்னாள். ழகரம் வரும் பெயர். அரங்க இரைச்சலில் அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னாள். "எல் எழுத்தா?" என்றார். "இல்லை, இசட், ஹெச்." "இசட், ஈ?" அவள் தலையைத் திருப்பிப் பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தாள். "பரவாயில்லை, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் போட்டார். நகர்ந்து போகும்போது மை காய அந்தப் பக்கத்தை ஊதிக்கொண்டே போனாள். அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பெயர் எழுத ஸ்டிக்கி நோட்டு கொடுக்கிற தொண்டர் அந்த நேரம் பக்கத்து வரிசையை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். 3 அங்குலச் சதுரத்தில் 100 தாள் கொண்ட ஒரே ஒரு கட்டு அந்த வரிசைக்குப் போதும்.

அச்சுக்கோப்பாளர்:
நோட்டு இருந்தாலும் தப்பு வரும். இளங்கோ என்று ஒரு பையன். நோட்டில் ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் பெரிய 'ஐ', அடுத்து சின்ன 'எல்'. இரண்டும் வெறும் நிமிர்ந்த கோடுகள். எழுத்தாளர் இரண்டையும் எல் என்று எடுத்துக்கொண்டு 'ல்லங்கோ' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பையன் மேசையை விட்டு இரண்டடி போய்த்தான் கவனித்தான். அடித்துத் திருத்தச் சொல்ல மனசு வரவில்லை.

ஆகவே: பெரிய 'ஐ'க்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு கட்டாயம். முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதாதீர்கள், அவர்கள் பார்த்ததை அப்படியே நகலெடுப்பார்கள், புத்தகத்திலும் கத்துகிற மாதிரி பெரிய எழுத்தாகவே விழும். இனிஷியலைத் தனியாக, புள்ளியோடு எழுதினால் அதையும் பெயரின் பகுதி என்று நினைப்பார்கள், விட்டுவிடுங்கள். நோட்டை மேலட்டையில் ஒட்டக்கூடாது. எந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டுமோ அந்தப் பக்கத்தில், பெரும்பாலும் தலைப்புப் பக்கத்தில், மேல் ஓரம் வெளியே துருத்தும்படி ஒட்டுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் மேலுறையின் முன்மடிப்பை அந்தப் பக்கத்துக்குள் செருகிவிடுங்கள், புத்தகத்தைத் தொட்டதுமே சரியான இடத்தில் திறக்கும். கடைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்து வாங்கும்போது இப்படித்தான் அடுக்கி வைப்பார்கள். யாழினி, கயல்விழி மாதிரிப் பெயர் என்றால் வாயால் சொல்லவே வேண்டாம், நோட்டைக் காட்டுங்கள். ழகரத்தைக் காதால் கேட்டால் எல், எழுத்தைப் பார்த்தால் இசட். கேட்டு எழுதினால் ஒன்று, பார்த்து எழுதினால் வேறொன்று.

தேம்ஸ் கரை:
லண்டனில் நடக்கிற இளையோர் இலக்கிய விழாவான யால்க் பற்றி. 2014 ஜூலையில் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில், காமிக் கான் என்ற சினிமா, காமிக்ஸ் ரசிகர் விழாவின் உள்ளேயே தொடங்கினார்கள். அப்போது சிறுவர் இலக்கியத் தூதராக இருந்த மேலரி பிளாக்மன் முன்னின்று நடத்தியது. மறு வருஷமே ஒலிம்பியா அரங்குக்கு இடம் மாறியது. எண் சீட்டு முறை என்பதால் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை, எண்ணைக் கூப்பிடும்போது வந்தால் போதும். அது நல்ல ஏற்பாடு.

மறக்க முடியாதது வெள்ளிப் பேனா. கறுப்பு உள்ளட்டை, படம் அச்சிட்ட வழவழப்பான தாள். எழுத்தாளர் பெயர் போட்டு, கீழே சின்னதாக ஒரு நட்சத்திரமும் வரைந்து கொடுத்தார். அந்தப் பெண் சந்தோஷத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெளியே போய்த் திறந்தபோது எதிர்ப்பக்கத்திலும் ஒரு கையெழுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி. நட்சத்திரம் முழுசாகக் கலைந்திருந்தது.

வழவழப்பான தாள் மையை உறிஞ்சாது, மேலேயே நிற்கும். குறைந்தது 2, 3 நிமிடம் திறந்தே பிடிக்க வேண்டும். பிறகும் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். சாதாரணத் தலைப்புப் பக்கத்தில் நிலைமை நேர் எதிர்: தாள் உறிஞ்சும், தடித்த மார்க்கர் என்றால் மறுபக்கம் ஊறும். அங்கே மெல்லிய முனைதான் சரி.

கணக்குப்பிள்ளை:
மைப்புள்ளி சொன்னதில் எழுத்தாளர் அவசரப்பட்டார் என்ற தொனி கேட்கிறது. ஏற்க முடியவில்லை. 1 மணி நேர ஸ்லாட், 80 பேர் என்றால் ஆளுக்கு 45 நொடி. புத்தகத்தை வாங்கித் திறக்க 10, பெயருக்கு 10, கையெழுத்துக்கு 10, படம் எடுக்க 15. முடிந்தது. பெயர் விளங்காமல் ஆளுக்கு 15 நொடி கூடினால் 60 பேருக்குத்தான் நேரம் இருக்கும். கடைசி 20 பேர் வெறுங்கையோடு போவார்கள். வரிசையை மூடும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொண்டரிடம் அந்த 20 பேரின் முகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் காதைப் பொத்தினார், "முடிஞ்சுபோச்சு" என்பதை அது கேட்கக்கூடாதாம்.

படத்தை எழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நிற்பவரை எடுக்கச் சொல்லுங்கள், 15 நொடி மிச்சம். எத்தனை புத்தகம் அனுமதி என்று முந்தின நாளே பாருங்கள், பெரும்பாலும் 1 முதல் 3 வரை. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்து யால்ஃபெஸ்ட் என்ற ஒய்.ஏ. விழாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக: அது ஒரே மண்டபம் இல்லை. 2011இல் புளூ பைசிக்கிள் புத்தகக் கடையை மையமாக வைத்துத் தொடங்கிய விழா, கிங் தெருவை ஒட்டிப் பல இடங்களில் நடக்கும். ஜான் தெரு மியூசிக் ஹாலில் உரையாடல் முடிந்து கூட்டம் கலைந்து வெளியே வரவே நேரம் ஆகும். அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டை நம்பாதீர்கள். ஒன்றை விடுங்கள். நவம்பர் என்றாலும் மழை வரும், வரிசை தெருவில் நிற்கும். ஓரத்தில் வண்ணம் அடித்த பதிப்புகளை ஜிப் பையில் போட்டே கொண்டு போங்கள். ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், இழுத்தால் வண்ணம் உரியும்.

ஆறாம் அவென்யூ:
வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். உரையாடலில் வாசகர்கள் கேள்வி கேட்கிற மைக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

நியூயார்க்கில் எழுத்தாளர் டேவிட் லெவிதன் நடத்திய டீன் ஆத்தர் ஃபெஸ்டிவலில், மாலை வாசிப்புகள் ஜெஃபர்சன் மார்க்கெட் கிளை நூலகத்தில் நடந்தன, மணிக்கூண்டு வைத்த அந்தப் பழைய நீதிமன்றக் கட்டடம். வார முடிவில் புக்ஸ் ஆஃப் வொண்டர் கடையில் பெரிய கையெழுத்து நாள், எழுத்தாளர்கள் அணி அணியாக வந்து உட்கார்ந்தார்கள். பையன் ஒருவன் அங்கே கணக்கு நோட்டை நீட்டினான். புத்தகம் வாங்கக் காசில்லை. எழுத்தாளர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பெயர் கேட்டு, மூன்று வரி எழுதினார். மற்றவர்களுக்கு ஒரு வரிதான்.

எனக்கு உறுத்துவது வேறொரு ஊரில் நடந்தது. மைக் வரிசையில் ஆறு பேர். முதல் ஐந்து பேரும் பெரியவர்கள், தங்கள் எழுத்தைப் பதிப்பகத்தாரிடம் கொண்டு சேர்க்கிற ஏஜென்ட்டைப் பிடிப்பது எப்படி என்று கேட்க வந்தவர்கள். ஆறாவது நின்றவள் பள்ளிக்கூடப் பிள்ளை, கேள்வியை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். நேரம் முடிந்தது. கையை மூடிக்கொண்டு போனாள்.

கணக்குப்பிள்ளை:
பெரியவர்களை விரட்ட முடியாது. பௌக்கர் என்ற புத்தகத் தகவல் நிறுவனத்தின் 2012 ஆய்விலேயே ஒய்.ஏ. புத்தகம் வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதுக்கு மேல். அவர்கள் வாங்குவதால்தான் விழா நடக்கிறது.

நூலகத்து அக்கா:
தம்பி, விரட்டச் சொல்லவில்லை, மைக்கையே எடுத்துவிடலாம். கேள்வி எழுத 3க்கு 5 அங்குல அட்டைகளை வாசலிலேயே கொடுங்கள், மூலையில் வயது எழுதச் சொல்லுங்கள். 50 நிமிட உரையாடலில் 25ஆவது நிமிடம் அட்டைகளை வாங்கி, நெறியாளர் 18க்குக் கீழ் உள்ளதை மேலே அடுக்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளை எழுதும். கடைசி 15 நிமிடத்தில் ஏழெட்டு கேள்வி போகும், மைக்கில் மூன்றுதான் போகும்.

மைப்புள்ளி அவர்களுக்கு: அந்தப் பெண்ணின் வீட்டார் இதைப் படித்தால் சொல்லுங்கள், புக்பிளேட் என்று ஒன்று உண்டு. எழுத்தாளர் பெயரெழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும் ஒட்டுத்தாள். பலர் தங்கள் இணையப் பக்கத்தில் விண்ணப்பம் வைத்திருக்கிறார்கள், தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை கேட்பார்கள். வெளிநாட்டு எழுத்தாளர் என்றால் அவர் இருக்கிற நாட்டுத் தபால்தலைதான் செல்லும், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மைப்புள்ளி:
ஒட்டுத்தாளை விட மறு வருஷம் அதே புத்தகத்தையே கொண்டு வரட்டும், அக்கா. ஊதிக்கொண்டு போனபோது பக்கம் தெரிந்தது. அவர் பழக்கத்தில் கீழே தள்ளித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேலே, பெயருக்கான இடம் இரண்டு அங்குலம் அப்படியே இருக்கிறது.