கம்போவில் தக்காளி போடலாமா?

பாயூக்காரன்:
"தக்காளி இல்லாத கம்போ அரைகுறைச் சமையல், புய்யாபேஸ் என்னும் ஃபிரெஞ்சு மீன் சூப்பின் வாரிசுதான் அது" என்று, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தார் சோற்றோடு உண்ணும் குழம்பான கம்போவைப் பற்றி ஹூஸ்டன்வாசியான செங்கதிர் நேற்று இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. லூசியானாவின் லஃபாயெட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கோழியும் புகையூட்டிய சாசேஜும் போட்டுக் கம்போ வைக்கும் எங்கள் தெரு வீடுகள் எதிலும் தக்காளி அந்தச் சட்டியின் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. மாவையும் எண்ணெயையும் சம அளவில் எடுத்து, சிறுதீயில் முக்கால் மணி நேரம் கையெடுக்காமல் கிளறி, சாக்லேட் நிறத்துக்கு வந்ததும் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் அதில் கொட்ட வேண்டும். தக்காளிக்கு அங்கே இடமில்லை.

செங்கதிர்:
நீங்கள் முக்கால் மணி நேரம் கிளறுகிற அந்த மாவுக் கலவைக்கு ரூ என்று பெயர் வைத்தவர்களே ஃபிரெஞ்சுக்காரர்கள்தான், ஐயா. நியூ ஆர்லியன்ஸில் நான் உண்ட கம்போவில் தக்காளி இருந்தது. அதை வைத்த சமையல்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர். உங்கள் தெரு மட்டுமே லூசியானா என்று யார் முடிவு செய்தது?

வள்ளி:
ஃபிரெஞ்சு வாரிசு என்று எழுதும்போது செங்கதிருக்குக் கொஞ்சமாவது தயக்கம் வந்திருக்க வேண்டாமா? கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த முதல் கப்பல்கள் 1719இல் லூசியானாவை அடைந்தன. வெண்டைக்காயைச் சோற்றோடு குழம்பாக உண்ணும் வழக்கம் அந்த மக்களுடையது. சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த ஃபிலே பொடியைத் தந்தவர்கள் சாக்டா பழங்குடியினர். பாயூக்காரருக்கும் ஒன்று சொல்கிறேன்: நியூ ஆர்லியன்ஸில் என் பக்கத்து வீட்டுக் கிரியோல் மூதாட்டி வெண்டைக்காயும் இறாலும் சேர்த்து வைக்கும் கம்போவில் தக்காளி உண்டு, ஏனென்றால் அதன் புளிப்பு வெண்டையின் கொழகொழப்பை முறிக்கிறது. வெண்டைக்காய் வதக்கும்போது சிறிது புளித்தண்ணீரோ மோரோ தெளித்த அம்மாவைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பாயூக்காரன்:
கொழகொழப்புத்தான் சிக்கல் என்றால் வெண்டைக்காயைத் தனியே எண்ணெயில் நீண்ட நேரம் வதக்கிவிட்டுச் சேர்க்கலாமே; அதற்கு எதற்குத் தக்காளி? பழைமை பேசுகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 1824இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் சமையல் நூலில் கம்போ என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. பிஞ்சு வெண்டைக்காய், கொஞ்சம் தண்ணீர், உப்பு, மிளகு, மேலே உருக்கிய வெண்ணெய், அவ்வளவுதான். தக்காளி இல்லை. மறுபடியும் எழுதுகிறேன்: தக்காளி இல்லை.

வள்ளி:
நன்றி, ஐயா. அந்தக் குறிப்பில் ரூவும் இல்லை, கோழியும் இல்லை, சாசேஜும் இல்லை; எழுதியவர் வர்ஜீனியாக்காரர். அதை அளவுகோலாக வைத்தால் உங்கள் சட்டிதான் முதலில் அடுப்பிலிருந்து இறங்கும்.

ஏரிக்கரை:
கிரியோல் யார், கேஜன் யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு பேசலாமே. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியிலிருந்து 1755 முதல் பிரிட்டிஷாரால் விரட்டப்பட்ட ஃபிரெஞ்சுக் குடியேறிகளான அக்கேடியர்களின் வழிவந்த கேஜன்களின் நாட்டுப்புறச் சமையலும், ஃபிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழக்கங்கள் கலந்த நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் சமையலும் வேறு வேறு. நியூ ஆர்லியன்ஸின் பெயர்பெற்ற கிரியோல் சமையல்காரர் லியா சேஸ் தம் உணவகத்தில் பெரிய வியாழனன்று பரிமாறி வந்த கீரைக் கம்போவை நீங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

பாயூக்காரன்:
கீரை பற்றிய பேச்சு இப்போது எதற்கு? கேள்வி தக்காளியைப் பற்றியது. தக்காளி வேண்டுமென்று நாக்குத் துடிப்பவர்களுக்கு நியூ ஆர்லியன்ஸின் சிவப்பு ஜம்பலாயா என்னும் கலவைச் சோறு இருக்கிறது, தாராளமாகக் கொட்டிக்கொள்ளட்டும்.

செங்கதிர்:
மூன்று வேளையும் ரூ கிளறுகிறவரைப்போல எழுதும் இதே பாயூக்காரர், போன மார்டி கிரா திருவிழாவின்போது கடையில் ஜாடியில் விற்கும் ரூவை வாங்கிக் கம்போ வைத்ததாக இதே இடத்தில் எழுதியது என் நினைவில் இருக்கிறது. மேலும், மாவு கறுக்கக் கறுக்கக் குழம்பைக் கெட்டியாக்கும் ஆற்றலை இழக்கும் என்பது சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும். உங்கள் சாக்லேட் நிறக் கம்போ தண்ணீராக ஓடுவதற்குத் தக்காளியைக் குறை சொல்ல முடியாது.

பாயூக்காரன்:
அன்று வீட்டில் நாற்பது பேர் விருந்தினர். லஃபாயெட் கடைகளில் அந்த ஜாடி அடுக்கடுக்காக நிற்கிறது, உள்ளூர்க்காரர்களே வாங்குகிறார்கள், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அந்த ஜாடியிலும் மாவும் எண்ணெயும்தான் இருந்தன, தக்காளி இல்லை. கம்போ தண்ணீராக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஃபிலே தூவிக்கொள்வோம். கொதிக்கும்போதே அதைக் கொட்டி நூல் நூலாக இழுக்க வைக்கிற ஹூஸ்டன் சமையலை எனக்குக் கற்றுத்தர வேண்டாம்.

செங்கதிர்:
நான் கொதிக்கும்போது ஃபிலே போட்டதாக எங்கே எழுதினேன்? இல்லாததை எழுதுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சோளரொட்டியில் சர்க்கரை போடலாமா என்ற விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

வள்ளி:
2016இல் டிஸ்னி நிறுவனம் கேல் கீரையும் கீன்வா தானியமும் போட்டுக் கம்போ என்று ஒரு செய்முறையை வெளியிட்டபோது லூசியானாவே கொதித்தெழுந்தது, அவர்களும் அதை நீக்கினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தக்காளி போட்டு வைத்துவரும் சட்டியின் மீது அதே கோபத்தைக் காட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது? லஃபாயெட் பக்கம் மயோனைஸ் கலந்த உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு கரண்டி அள்ளிக் கம்போவுக்குள் போட்டு உண்கிறீர்களே, அதை ஏன் எவரும் குற்றம் என்று சொல்வதில்லை?

பாயூக்காரன்:
உருளைக்கிழங்கு சாலட் உண்ணும்போது கிண்ணத்தில் சேர்வது, சமைக்கும்போது சட்டியில் சேர்வதல்ல. இந்த வேறுபாடுகூடப் புரியாதவர்களோடு நான் தக்காளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கோழிக் கம்போவில் தக்காளி போடுவாரா என்று கேட்டு எழுதுங்கள், அம்மணி.

வள்ளி:
கோழிக் கம்போவில் போடுவதாக நான் எழுதவே இல்லையே. மேலே போய் மறுபடி படியுங்கள்.

பாயூக்காரன்:
படித்தேன். தக்காளி என்று எழுதியிருக்கிறீர்கள்.