புதுப்பிப்பு: நாங்கள் படிக்க வைத்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன்

சபைக் குழுவோடு வெளிநாட்டு ஊழியப் பயணம் போகிறேன், கடிதத்தில் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம் நேரில் என்ன பேசுவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பிள்ளைகள் என்று சொல்ல முடியாது, ஒருவர் நர்ஸ், இன்னொருவர் பள்ளி ஆசிரியர். நர்ஸ் பெண் என் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வந்து, அதில் ஒன்றைக் காட்டி, "உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று எழுதியிருந்தீர்களே, அப்பா தவறின வாரம்தான் இது வந்தது" என்றார், எனக்குப் பேச்சே வரவில்லை.

உதவி நிஜமாகவே பலன் தருமா என்று கேட்டவர்களுக்கு: பொருளாதார ஆய்வாளர் ப்ரூஸ் வைடிக் குழு 2013இல் வெளியிட்ட ஆறு நாட்டு ஆய்வில், பிள்ளைகளைப் படிக்க வைக்க உதவும் கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். அப்புறம், பணம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கடிதமும் எழுதுங்கள், இரண்டு வரியானாலும் போதும்.