வயல் மண் நிரப்பிய மாடித் தொட்டிகளில் இலைகள் மஞ்சளாவது ஏன்?

மாடிவீட்டு மல்லிகை (கும்பகோணம்):

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆனி மாதம் கும்பகோணத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடிப் பகுதிக்குக் குடிவந்தோம். அப்போது திருப்பனந்தாளுக்கு அருகே இருக்கும் என் கணவரின் குடும்ப வயலிலிருந்து, நடவுக்கு முன்பாகவே, பத்துச் சாக்கு மண்ணை எடுத்துவந்து பன்னிரண்டு தொட்டிகளில் நிரப்பி, குண்டுமல்லி, கறிவேப்பிலை, பன்னீர் ரோஜா, துளசி ஆகியவற்றை நட்டேன். குறுவை நெல்லும் தாளடி நெல்லும் விளைகிற மண்ணில் ஒரு மல்லிகைச் செடி வளராமலா போய்விடும் என்ற நம்பிக்கைதான். புரட்டாசி வரையில் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு நிலைமை மாறியது. குண்டுமல்லியில் அடி இலைகள் முழுவதும் மஞ்சளாகி உதிர்கின்றன. கறிவேப்பிலையிலும் ரோஜாவிலும் வேறு விதம்: பழைய இலைகள் பச்சையாகவே இருக்க, புதிதாக வரும் கொழுந்துகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. இப்போது தை பிறந்துவிட்டது. மழை நின்றபின் மேல்மண் வெடித்துத் தொட்டியின் சுவரை விட்டு விலகி நிற்கிறது. ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக உடனே கீழே ஓடிவிடுகிறது. காலையும் மாலையும் ஆழ்குழாய் நீரை ஊற்றுகிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நாற்றங்காலில் கேட்டபோது டிஏபி உரம் போடச் சொன்னார்கள். தொட்டிக்கு ஒரு கரண்டி போட்டேன், இரண்டு செடிகளின் இலை நுனி கருகியதுதான் மிச்சம். வீட்டிற்குள் வைத்திருக்கும் மணி பிளான்ட் நன்றாக இருக்கிறது. ஸ்நேக் பிளான்ட் அடியில் கொழகொழவென்று ஆகிச் சாய்கிறது. எங்கே தவறு செய்தேன் என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

அரசலாற்றங்கரை (பாபநாசம் வட்டம்):

சகோதரி, உங்கள் தவறு செடியிலும் இல்லை, உரத்திலும் இல்லை. அந்தப் பத்துச் சாக்கில்தான் இருக்கிறது. நானும் ஓய்வு பெற்ற புதிதில் இதே காரியத்தைச் செய்து ஒரு வருடத்தை வீணாக்கியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நெல் வயலின் மண்ணை நாம் தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து வருகிறோம். மண் கட்டிகளை உடைத்து, துகள்களுக்கு இடையே உள்ள காற்றுப் புழைகளை அடைத்து, ஊற்றிய நீர் கீழே இறங்காமல் நிற்கும்படி செய்வதுதான் சேறடிப்பதன் நோக்கமே. நெற்பயிருக்கு அது ஒத்துவரும். அதன் தண்டிலும் வேரிலும் காற்றைக் கீழே கொண்டுசெல்லும் குழல் போன்ற திசுக்கள் இருப்பதால் நிற்கும் நீரிலும் வேர் மூச்சு விடும். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் அந்த அமைப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் தொட்டி மண் நீர் கோத்து நின்றிருக்கும். வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகத் தொடங்கியிருக்கும். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தது அதனால்தான். இப்போது வெயில் பட்டதும் அதே களி காய்ந்து சுருங்கிச் செங்கல்லாகிவிட்டது. நீர் சுவரோரமாக ஓடிவிடுவதால் நடுவில் இருக்கும் வேர்க்கட்டி நனைவதே இல்லை. மழையில் மூழ்கிய செடி, வெயிலில் தாகத்தால் வாடுகிறது. மூழ்கிய வேரும் நீரை உறிஞ்சாது என்பதால், ஈர மண்ணில் நிற்கும் செடியும் வாடித்தான் தெரியும். அதைப் பார்த்து மேலும் ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

ஒரு குண்டுமல்லியைத் தொட்டியிலிருந்து மண்ணோடு கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருந்தால் நல்லது. பழுப்பு நிறத்தில், இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருவதாக, சேற்று நாற்றம் அடித்தால் அழுகியதை எல்லாம் கத்தரித்துவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். வயலிலிருந்து எடுத்த அந்த வண்டல் மண்ணை முழுவதும் எறிய வேண்டாம். அதில் சத்து உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காமல், வல்லம், ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வரும் செம்மண் ஒரு பங்கும், மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ தென்னை நார்க்கழிவோ கலந்து ஒரு பங்கும் சேர்த்தால் போதும். முன்பெல்லாம் ஆற்று மணல் கலப்போம்; இப்போது அதைப் பற்றிப் பேசுவதே வீண். அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச் சாம்பலையும் நான் இரண்டு கைப்பிடி சேர்ப்பது வழக்கம்.

தொட்டியின் அடியில் ஜல்லியைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு நீர் எளிதில் இறங்காது. மண் நீரால் நிறையும் வரை ஜல்லிக்கு மேலேயே தேங்கும், வேருக்கான இடமும் குறையும். துளையை மறைக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும். மட்காத சாணத்தையும் போட்டுவிடாதீர்கள். தென்னை மிகுந்த நம் பக்கத்தில் காண்டாமிருக வண்டு சாணத்தைத் தேடி வந்து முட்டையிடும். விரல் பருமனுக்குப் புழுவை வளர்த்த பெருமை எனக்கு உண்டு.

மாற்றி நட்டபின் பத்து நாள் நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம். நீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாமல், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்து, ஈரம் தட்டாதபோது மட்டும், அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள்.

உப்பளக்காற்று (வேதாரண்யம்):

மேலே ஐயா எழுதியதில் குண்டுமல்லியைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் வந்திருப்பது இன்னொரு நோய் என்பதையும், அதற்கு உமிச் சாம்பல் நெருப்பில் நெய் வார்ப்பது போல் ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய இலை பச்சையாக இருக்க, கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது இரும்புச் சத்துக் குறைபாட்டின் அடையாளம். செடிக்குள் இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதில் இடம்பெயராது என்பதால் குறை முதலில் கொழுந்தில் தெரியும். தழைச்சத்துக் குறைந்தால் இதற்கு நேர்மாறாக அடி இலைதான் முதலில் வெளுக்கும். மண்ணில் இரும்பே இல்லை என்பதன்று. விளிம்பில் படிந்திருக்கும் வெள்ளை, ஆழ்குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும். அந்த நீரை ஆறு மாதம் ஊற்றினால் தொட்டி மண் காரத்தன்மை அடைந்து, இருக்கும் இரும்பையும் வேர் எடுக்க முடியாதபடி செய்துவிடும். சாம்பலும் காரம்தான். கறுப்பாகக் கருகிய உமி என்றால் சிறிது கலக்கலாம். வெந்து வெளுத்த சாம்பல் உங்கள் நீருக்கு ஆகாது.

எங்கள் ஊரில் உப்பைத் தவிர வேறு பேச்சில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பிறகு, காய்ந்து கருகிய இலைகளோடு நின்ற செடிகளைக் காப்பாற்ற நாங்கள் செய்தது ஒன்றே: நல்ல நீரை மெதுவாக, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, உப்பை அடித்துளை வழியாகக் கரைத்து வெளியேற்றினோம். நீங்களும் புதுக் கலவைக்கு மாற்றாத தொட்டிகளில் இதைச் செய்யலாம். ஆனால் மண் வடியும் நிலையில் இருந்தால் மட்டுமே. டிஏபியும் ஓர் உப்புதான். நுனி கருகியதற்குக் காரணம் அதுவே. தென்னை நார்க்கழிவை வாங்கினால் இரண்டு முறையாவது ஊறவைத்துப் பிழியாமல் சேர்க்க வேண்டாம்.

இலை வெளிறலுக்கு உடனடி மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். மல்லிகைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 5 கிராம், பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை இலையில் தெளிப்பது. தொட்டிச் செடிக்கு நான் பாதி அளவில் ஒரு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போவேன். மழைநீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். அடுத்த ஐப்பசியில் மாடியில் இரண்டு பீப்பாய்களை மூடியோடு வைத்து மழைநீரைப் பிடித்துக்கொண்டால், பங்குனி வரை இல்லாவிட்டாலும் மாசி வரையிலாவது வரும்.

நிழல்முற்றம் (மன்னார்குடி):

வீட்டிற்குள் உள்ள இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஸ்நேக் பிளான்ட் நம் ஊர் வேலியோர மருளுக்கு உறவுக்காரச் செடி. தடித்த இலையிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும் அதற்கு, மண் முழுவதும் காய்ந்தபின், பனிக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். கொழகொழத்த பகுதி திரும்பாது. மேலே கெட்டியாக உள்ள இலையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு மூன்று நாள் காயவைத்து, வெட்டிய முனையைத் தலைகீழாக்காமல் மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். வேர்விட இரண்டு மாதம்கூட ஆகலாம்.

மணி பிளான்ட் பாட்டிலில் இருக்கிறதா, மண்ணிலா என்று நீங்கள் எழுதவில்லை. பாட்டிலில் என்றால் வாரம் ஒரு முறை நீரை மாற்றிப் பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளும் அப்படியே. சிறு குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்கவும். அந்த இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும்.

மாடிவீட்டு மல்லிகை (கும்பகோணம்):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐந்து குண்டுமல்லிகளைக் கவிழ்த்துப் பார்த்ததில் இரண்டுக்கு வேரே மிஞ்சவில்லை. மற்ற மூன்றில் வேர் பாதிக்கு மேல் நன்றாக இருந்தது, மாற்றி நட்டுவிட்டேன். அவற்றில் ஒன்று கணுவில் துளிர்த்திருக்கிறது. அன்னபேதி தெளித்த பிறகு வந்த கறிவேப்பிலைக் கொழுந்து பச்சையாக இருக்கிறது. முன்பு வெளிறியவற்றில் சில மட்டுமே திரும்பின. இரண்டு சந்தேகங்கள்: மல்லிகையைக் கவாத்து செய்ய (கிளைகளை வெட்டிவிட) இது காலமா? அன்னபேதி சிந்திய இடத்தில் மாடித் தரை ஓட்டில் துருக்கறை படிந்து, வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். அதற்கு என்ன செய்வது?

அரசலாற்றங்கரை (பாபநாசம் வட்டம்):

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்வதே முறை. இவ்வாண்டு அது தவறிவிட்டது. நலிந்த செடியை இப்போது ஒட்ட வெட்டினால் தாங்காது. காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்கிவிட்டு, மூன்று செடிகளும் நன்றாகத் துளிர்த்தபின் நுனிகளை ஒரு விரல் நீளம் கிள்ளிவிடுங்கள். பூ சற்றுத் தாமதமாகும், குறைவாகவும் வரும். துளசியில் கதிர் விட்டிருந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். விதை முற்றினால் செடி சீக்கிரம் கட்டையாகிவிடும்.

உமிச் சாம்பலைப் பற்றி வேதாரண்யம் அன்பர் திருத்தியது சரியே. எங்கள் தெருவில் வாய்க்கால் பாசனக் கிணற்று நீர் என்பதால் எனக்கு அந்தக் கேடு தெரியாமல் போயிற்று. துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தரை சலவைக்கல்லாக இருந்தால் மட்டும் எலுமிச்சை வேண்டாம், கல்லை அரித்துவிடும்.